வேண்டாம் என்றவருக்கு எண்பத்திரண்டு வீதம்

குரோருட் பள்ளத்தாக்குத் தமிழர் ஒன்றியம் தனது பிரசிடென்ட் வேட்பாளரைத் தெரிவு செய்த விதம் பற்றிச் சனத்துக்குள்ளே பலவிதமான கதைகள் உலாவுது. ஆகவே, தெரிவுக்குழுத் தலைவர் என்ற முறையில் உண்மை விபரங்களை அங்கத்தவர்களின் மேலான கவனத்துக்குக் கொண்டுவர வேண்டிய கடமை எனக்கு இருக்கு. என்ரை பெயர் குலசேகரம். நோர்வேயின்ரை வடக்குக் கரையில், பாட்ஸ்பியோர்ட்டில் ஒன்பது வருஷம் மீன் வெட்டினனான். ஒஸ்லோவில் இருபத்தாறு வருஷம் பஸ் ஓடினனான். இரண்டு வேலையிலும் என்னிலை ஒருத்தரும் ஒரு பிழையும் பிடிக்கேல்லை. இதை ஏன் சொல்லுறன் எண்டால், இப்ப பிடிக்கினம்.

முதலில் ஒரு விளக்கம். எங்கடை யாப்பிலே பிரசிடென்ட் எண்டுதான் எழுதியிருக்கு. தொண்ணூற்றோராம் ஆண்டு யாப்பு எழுதேக்கை, தலைவர் எண்ட சொல்லை இன்னொரு ஆளுக்குப் பாவிக்க ஒருத்தருக்கும் துணிவு வரேல்லை. நூற்று நாற்பத்துமூன்று அங்கத்தவர், ஒரு பிரசிடென்ட். நோர்வேயில் எந்தச் சங்கம் எண்டாலும் மூன்று பேர் கொண்ட வால்க்கொமித்தே ஒன்று இருக்கும். அதைத்தான் நாங்கள் தெரிவுக்குழு எண்டு சொல்லுறனாங்கள். குழு ஒரு ஆளை முன்மொழியும், பொதுக்கூட்டம் கைதட்டும். இதைத்தான் நாங்கள் முப்பது வருஷமாய் ஜனநாயகம் எண்டு நடத்திக்கொண்டு வந்தனாங்கள்.

நோர்வேக்காரரிடம் இல்லாத ஒரு வழக்கம் எங்களிடம் உண்டு. கேட்கப் போற ஆள் மூன்று தரம் மறுக்க வேணும். முதல் தரம் கதவைத் திறந்த உடனே. இரண்டாம் தரம் தேத்தண்ணி வரேக்கை. மூன்றாம் தரம் நாங்கள் வெளிக்கிட்டுச் சப்பாத்துப் போடேக்கை. அதுக்குப் பிறகு, "சரி, நீங்கள் இவ்வளவு சொல்லுறியள்" எண்டு ஒரு பெருமூச்சு விடுவினம். அந்தப் பெருமூச்சைத்தான் நாங்கள் சம்மதம் எண்டு அறிக்கையில் பதியிறது. கேட்ட உடனே ஓம் எண்டு சொல்லுற ஆளுக்குப் பதவி ஆசை. பதவி ஆசை உள்ள ஆளிட்டைப் பதவியைக் குடுக்கேலாது. ஆசை இல்லாத ஆளிட்டைக் குடுத்தால் அவர் ஒண்டும் செய்யமாட்டார், ஆகவே பிழையும் வராது.

போன கோடையில் எங்கடை பழைய பிரசிடென்ட் மகளோடை இருக்கவெண்டு துரொண்ட்ஹெய்முக்குப் போயிட்டார். செப்டெம்பரில் விசேட பொதுக்கூட்டம். குழுவிலே நான், யோசெப்பின், ஆரணி. யோசெப்பின் பாலர் பள்ளியில் வேலை செய்யிறவ. ஆர் எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், ஆருக்கு ஆர் சொந்தம் எண்டது எல்லாம் அவவின்ரை விரல் நுனியில். ஆரணி இஞ்சையே பிறந்து வளர்ந்து சட்டம் படிச்ச பிள்ளை. எங்களை மாமா, அன்ரி எண்டு கூப்பிட்டுக்கொண்டே எங்களுக்கு விதி சொல்லுற பிள்ளை.

ஆரணி செய்த முதல் வேலை, இணையத்தில் ஒரு படிவம் போட்டது. "இந்தப் பொறுப்பை ஏற்க விருப்பமா? ஓம் / இல்லை." இரண்டு நாளுக்குள்ளே ஒரே ஒரு ஓம் வந்தது. செல்வமலர்.

செல்வமலர் பதினொரு வருஷம் ஒன்றியத்தின் செயலாளர். கிழமை நாளில் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தம் பார்க்கிறவ. சனிக்கிழமை எங்கடை தமிழ்ப் பள்ளிக்கூடத்தைத் திறக்கிறதும் அவதான், பூட்டுறதும் அவதான், மூன்றாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறதும் அவதான். எண்பத்தாறு பிள்ளையள் அங்கை படிக்குது. நான் உடனே தொலைபேசி எடுத்தனான்.

"தங்கச்சி, கை தவறி அமத்திப்போட்டீரோ?"

"இல்லை அண்ணை. எனக்கு விருப்பம்தான்."

"விருப்பம் எண்டால்... நாங்கள் வந்து கேட்டாப் பிறகுதானே விருப்பம் வர வேணும்?"

"பதினொரு வருஷமாய் வரேல்லையே அண்ணை."

எனக்கு அந்தப் பிள்ளையில் இரக்கம் வந்தது. தன்ரை தலையில் தானே மண் அள்ளிப் போட்டிட்டுது எண்டு நினைச்சன். யோசெப்பினும் அதையேதான் சொன்னா. ஆகவே முறைப்படி மறுக்கக் கூடிய ஒரு ஆளைத் தேடி நாங்கள் ஒஸ்லோவின்ரை தெற்குப் பக்கம், ஹொல்ம்லியாவுக்கு வெளிக்கிட்டம்.

ஸ்ரீஸ்கந்தராசா தபாலகத்தில் வேலை செய்து இளைப்பாறினவர். ஆறடி உயரம், வெள்ளைத் தலைமயிர், கோயில் மணி போலை குரல். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் மைக் அவரிடம்தான் போகும். கதவைத் திறந்த உடனே வேண்டாம் எண்டார். தேத்தண்ணி வந்தது, வேண்டாம் எண்டார். சப்பாத்துப் போடேக்கையும் வேண்டாம் எண்டார். பெருமூச்சு மட்டும் வரேல்லை.

"உண்மையாத்தான் சொல்லுறன் குலசேகரம். ஒக்ரோபர் மூன்று யாழ்ப்பாணம் போறன். ஏப்ரல் இருபதுக்குத்தான் திரும்பி வருவன். இஞ்சத்தைக் குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளேல்லை."

படியால் இறங்கேக்கை யோசெப்பின் கண் கலங்கி நிண்டா.

"பாத்தியளே அண்ணை, டிக்கெட்டையும் எடுத்து வைச்சுக்கொண்டு மறுக்கிறார். இப்பிடி வடிவா ஒருத்தரும் மறுத்து நான் பார்க்கேல்லை."

"அன்ரி, அவர் போகப்போறார்," எண்டாள் ஆரணி.

"அதுதான் பிள்ளை பணிவு," எண்டு நான் விளங்கப்படுத்தினனான்.

இந்த இடத்தில் ஊடகம் உள்ளே வருது. டெனிஸ் கிழமை நாளில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிறவர். சனி ஞாயிறு "வடதுருவத் தமிழ்" எண்ட யூடியூப் அலைவரிசையின் பிரதம ஆசிரியர், செய்தி வாசிப்பாளர், அரசியல் ஆய்வாளர். மூன்று பதவிக்கும் மூன்று கோட் வைச்சிருக்கிறார். சந்தாதாரர் நாலாயிரத்து முந்நூறு பேர். அதில் ஒஸ்லோவில் இருக்கிறவை இருநூறு பேர் தேறும். மிச்சப் பேர் ரொறன்ரோ, பாரிஸ், லண்டன். அந்தச் சனிக்கிழமை அவர் "பிரசிடென்ட் வேட்பாளர் யார்?" எண்டு சிவப்பு எழுத்தில் ஓடவிட்டார். அடுத்த நாள் ஸ்ரீஸ்கந்தராசாவின் வீட்டுக்குக் கமெராவோடை போயிட்டார்.

"ஐயா, நீங்கள்தான் முன்னணியிலை நிக்கிறியள் எண்டு பரவலாக் கதைக்கினம்."

"ஆர் கதைக்கினம்?"

"நேற்று எங்கடை நிகழ்ச்சியிலை கதைச்சது."

"அதிலை ஆர் கதைச்சது?"

"நான்."

"தம்பி, எனக்கு வேண்டாம். நான் யாழ்ப்பாணம் போறன்."

டெனிஸ் கமெராப் பக்கம் திரும்பி, "மண்ணை மறவாத மனிதர்" எண்டார். அதுதான் தலைப்பாய் வந்தது. பின்னுக்கு வீணை வாசிச்சது.

செல்வமலரிட்டையும் போனவர்தான். ஊடக நடுநிலையை அவர் கைவிடேல்லை. நாற்பது நிமிஷம் பேட்டி எடுத்தவர். அதில் முப்பது நிமிஷம் செல்வமலர் ஒரே விசயத்தைச் சொல்லியிருக்கிறா. சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துக்குக் கொம்யூன் எண்ட நகரசபை தாற ஆறு வகுப்பறைக்கும் ஒவ்வொரு வருஷமும் நவம்பர் பதினைஞ்சுக்கு முன்னம் விண்ணப்பம் போட வேணும். பிரசிடென்ட்தான் கையெழுத்து வைக்க வேணும். பிறகு ஒரு கூட்டத்துக்கு நேரில் போய்க் கதைக்க வேணும். இந்த முறை வேறை சங்கங்களும் அறைகளைக் கேட்குது, கவனமாய் இருக்காட்டில் பறிபோயிடும். இதைத்தான் சொன்னவ. சனம் பார்க்காமல் போயிடும் எண்டு டெனிஸ் அந்த முப்பது நிமிஷத்தையும் வெட்டிப்போட்டார். மிஞ்சினதில் இது ஒரு துண்டு.

"அக்கா, உங்களுக்குப் பதவி ஆசை எண்டு சொல்லுகினமே?"

"வேலை தெரியும், அதுதான் கேட்கிறன். ஆசையும்தான். இருந்தால் என்ன?"

"ஆசையும்தான்" எண்ட சொல்லை மட்டும் தனியாய் எடுத்து, உடுக்கை அடிச்சு, ஏழு தரம் திருப்பித் திருப்பிப் போட்டார். அது பதினேழாயிரம் பேர் பார்த்த காணொளி. ஒன்றியத்தின் வரலாற்றில் இவ்வளவு பேர் எங்களைக் கவனிச்சது அதுதான் முதல் தரம்.

பிறகு கருத்துக்கணிப்பு. இரண்டு படம் போட்டிருந்தது. ஸ்ரீஸ்கந்தராசா கலியாண வீடொன்றில் கோட்டும் மாலையுமாய் நிக்கிறார். செல்வமலர் பள்ளிக்கூடத்தில் இரண்டு கையிலும் கதிரை தூக்கிக்கொண்டு, பாதிக் கண் மூடினபடி நிக்கிறா. இரண்டும் உண்மையான படங்கள். இரண்டாயிரத்து அறுநூறு பேர் வாக்குப் போட்டினம். ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு எண்பத்திரண்டு வீதம். கீழே கருத்துப் பகுதியில், ஒஸ்லோவுக்குப் புதிதாய் வந்த சென்னைப் பொறியியலாளர் ஒருத்தர் எழுதியிருந்தார்: "எனக்கு ரெண்டு பேரையுமே தெரியாதுங்க. ஆனா அந்த மேடம் ரொம்ப டென்ஷனா இருக்காங்க. சாருக்குத்தான் என் ஓட்டு." அவருக்கு எழுபது பேர் இதயம் போட்டிருந்தினம்.

ஆரணிக்குக் கோபம் வந்திட்டுது.

"மாமா, சங்கத்திலை நூற்று நாற்பத்துமூன்று பேர்தானே இருக்கினம்?"

"ஓம் பிள்ளை. பாக்கிறவைக்கும் எங்களிலை அக்கறை."

"அப்ப நாங்கள் அனொனிமா செய்வம். பெயர், ஊர், படம், ஆணோ பெண்ணோ ஒண்டும் இல்லாமல். என்ன செய்தவை எண்டது மட்டும். என்ரை வேலையிடத்திலை இப்பிடித்தான் ஆள் எடுக்கிறது."

முன்னேற்றமான யோசனை. நோர்வேயில் இப்ப இதுதான் நாகரிகம் எண்டு நானும் கேள்விப்பட்டனான். ஆகவே குரோருட் பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் ஒரு தகவல் கூட்டம் வைச்சம். நாற்பத்துமூன்று பேர் வந்தினம். ஒவ்வொருத்தருக்கும் இரண்டு தாள். முதல் தாளில்: பதினொரு வருஷம் நிர்வாக வேலை, பதினொரு விண்ணப்பம், பதினொன்றும் வெற்றி, கொம்யூனோடை இருபத்தைந்து கூட்டம், பள்ளிக்கூடத்தில் பதினாலு வருஷம் கற்பித்தல். இரண்டாம் தாளில்: முப்பத்தொரு செத்த வீட்டில் தலைமையுரை, நல்ல குரல்வளம், ஒக்ரோபரில் இருந்து ஏப்ரல் வரை நாட்டில் இல்லை. பெயர்கள் உறைக்குள்ளே.

தாள் கைக்கு வந்த உடனே முன்வரிசையில் ஒருத்தர் எழும்பி, "இதிலை ஊர் போடேல்லையே. ஊர் தெரியாமல் எப்பிடித் தெரிவு செய்யிறது?" எண்டு கேட்டார். அதுதான் பரீட்சை எண்டு ஆரணி சொன்னாள். அவர் வாசிச்சார். வாசிச்சுப்போட்டு, "இவ்வளவு செய்தவர் எண்டால் இது ஸ்ரீஸ்கந்தராசாதான். வேறை ஆர்?" எண்டார். ஓம், அதுதானே எண்டு எல்லாரும் தலையாட்டிச்சினம். முதல் தாளுக்கு நாற்பத்தொரு வாக்கு. உறை திறக்கிறதுக்கு முன்னமே டெனிஸ் நேரலையில் "கண்ணைக் கட்டினாலும் ஸ்ரீஸ்கந்தராசாவே" எண்டு அறிவிச்சுப்போட்டார்.

ஆரணி உறையைத் திறந்து வாசிச்சாள். முதல் தாள், செல்வமலர்.

செல்வமலர் பின்வரிசையில் இருந்து நிமிர்ந்து பார்த்தா. அப்பிடி அவ நிமிர்ந்து இருந்து நான் கண்டதில்லை. பிறகு முன்வரிசைக்காரர் திரும்ப எழும்பினார்.

"நாங்கள் முதல் தாளுக்குப் போட்டது ஸ்ரீஸ்கந்தராசா எண்டு நினைச்சு. அப்ப அந்த வாக்கு ஆருக்குச் சேர வேணும்? நினைச்ச ஆளுக்குத்தானே?"

"அப்பிடி ஒரு விதி இல்லை," எண்டாள் ஆரணி.

"இல்லையெண்டும் ஒரு விதி இல்லையே," எண்டா யோசெப்பின்.

எல்லாரும் என்னைப் பார்த்தினம். வாக்காளரின் உள்ளார்ந்த எண்ணத்துக்கு மதிப்பளிக்க வேண்டிய கடப்பாடு பற்றித் தெரிவுக்குழு ஆழமாய்ப் பரிசீலிக்கும் எண்டு நான் அறிவிச்சன். நல்ல வசனம் எண்டு இரண்டு மூன்று பேர் பிறகு சொல்லிச்சினம்.

அடுத்த நாள் பின்னேரம் குரோருட் ரி-பானா ரயில் நிலையத்தில் செல்வமலர் என்னைக் கண்டு நிண்டா. வேலையால் வந்த களை முகத்தில் தெரிஞ்சுது.

"அண்ணை, ஒளிக்காமல் சொல்லுங்கோ. உங்களுக்கு ஆர் வந்தால் நல்லம்?"

"எனக்கு நீர்தான் தங்கச்சி. அதிலை என்ன சந்தேகம்? ஆனால் சனம் விரும்பாது."

"சனம் எண்டால் ஆர் அண்ணை?"

"எல்லாரும்."

"நான் இந்தக் கிழமை இருபது பேரிட்டைக் கேட்டனான். இருபது பேரும் இதைத்தான் சொன்னவை. தங்களுக்கு நான்தானாம், சனம்தான் விரும்பாதாம். அந்தச் சனத்தை ஒருக்கால் எனக்குக் காட்டுங்கோவன்."

நான் ரயில் வருதோ எண்டு எட்டிப் பார்த்தன்.

"எனக்குக் கோபமாய் இருக்கு. அதைவிடப் பயமாய் இருக்கு. அந்த ஆறு அறையும் போச்சுதெண்டால் எண்பத்தாறு பிள்ளையளையும் எங்கை கொண்டுபோய் இருத்துறது?"

"உம்மடை ஆதங்கத்தைக் குழு கவனத்தில் எடுக்கும்," எண்டு சொன்னன். ரயில் வந்தது. அது என்ரை வீட்டுப் பக்கம் போறதில்லை, எண்டாலும் ஏறிப் போயிட்டன்.

குழுவில் ஆரணி செல்வமலருக்கு, யோசெப்பின் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு. தீர்ப்பு என்ரை கையில். மனச்சாட்சிப்படி எனக்குச் செல்வமலர்தான். ஆனால் எண்பத்திரண்டு வீதத்துக்கு எதிராய் நாங்கள் ஒரு ஆளை நிறுத்தி, பொதுக்கூட்டம் கைதட்டாமல் விட்டால் குழுவின் மரியாதை என்னாகும்? டெனிஸ் எனக்கும் ஒரு உடுக்கை அடிச்சிருப்பார். ஸ்ரீஸ்கந்தராசா எண்டு சொன்னன். சொன்ன உடனே நெஞ்சு லேசாயிட்டுது. பொறுப்பு சனத்தின்ரை தலைக்குப் போயிட்டுது.

பொதுக்கூட்டத்தில் நூற்றிருபது பேர். நான் பெயரை வாசிச்ச உடனே கைதட்டல். ஸ்ரீஸ்கந்தராசா மேடைக்கு வந்தார்.

"நான் இதை ஏற்கேலாது. மூன்றாம் தேதி எனக்குப் பயணம்."

பெரிய கைதட்டல்.

"விளையாட்டில்லை. இஞ்சை பாருங்கோ டிக்கெட்." கைத்தொலைபேசியைத் தூக்கிக் காட்டினார்.

எல்லாரும் எழும்பி நிண்டு தட்டிச்சினம். யோசெப்பின் மாலையைக் கொண்டுபோய்ப் போட்டா. மாலை விழேக்கை மனுசன் குனிய வேண்டி வந்தது. குனிஞ்சு நிமிரேக்கை ஒரு பெருமூச்சு வந்தது. நான் அதைப் பதிஞ்சன்.

மூன்றாம் தேதி அவர் யாழ்ப்பாணம் போயிட்டார். பொதுக்கூட்டத்தோடை செல்வமலரின்ரை பதவிக்காலமும் முடிஞ்சுது. புதுச் செயலாளரைப் பிரசிடென்ட்தான் நியமிக்க வேணும், ஆகவே செயலாளரும் இல்லை. நாலாம் தேதி செல்வமலர் என்ரை வீட்டுக்கு ஒரு நீலக் கோப்போடை வந்தா. மேலே "நவம்பர் 15" எண்டு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது.

"விண்ணப்பம் எழுதி முடிச்சிட்டன் அண்ணை. கையெழுத்து மட்டும்தான். பிரசிடென்ட்டிட்டைச் சேர்ப்பியுங்கோ. நான் இனி இதிலை இல்லை."

நான் அதைச் சப்பாத்து அலுமாரிக்கு மேலே பத்திரமாய் வைச்சன். திறந்து பார்க்கேல்லை. தெரிவுக்குழுவின் அதிகாரம் ஆளைத் தெரிவு செய்யிறதோடை முடியுது. கோப்புத் திறக்கிறது எங்கடை வரம்பை மீறின செயல். ஏப்ரல் இருபது அவர் வரேக்கை கையில் குடுக்கலாம் எண்டு யோசிச்சிருந்தன்.

நவம்பர் பத்தாம் தேதி செல்வமலர் தொலைபேசி எடுத்து, "அண்ணை, அஞ்சு நாள்தான் இருக்கு" எண்டா. அண்டைக்கே பிரசிடென்ட்டுக்கு வட்ஸ்அப்பில் அறிவிச்சனான். அவர் நல்லூர்க் கோயில் முன்வாசலில் எடுத்த படத்தை அனுப்பினார். தகவல் சேர்ந்ததுக்கு அதை அத்தாட்சியாய் வைச்சிருக்கிறன்.

தையில் கொம்யூனின் கடிதம் வந்தது. விண்ணப்பம் கிடைக்காதபடியால் ஆறு அறையும் வேறொரு சங்கத்துக்குக் குடுத்தாச்சு. சிரிப்பு யோகாச் சங்கம். அவை நேரத்துக்கு விண்ணப்பிச்சவையாம். இப்ப சனிக்கிழமை காலமையில் மூன்றாம் வகுப்பு இருந்த அறைக்குள்ளே இருபது பெரிய ஆக்கள் வட்டமாய் நிண்டு சிரிக்கினம். எண்பத்தாறு பிள்ளையளும் வீட்டில் இருக்குது. யாழ்ப்பாணத்துக்கு அறிவிச்சன். "நான் அப்பவே வேண்டாம் எண்டனான்" எண்டு பதில் வந்தது. அதில் பிழை சொல்ல ஒண்டும் இல்லை.

அண்டைக்கே டெனிஸ் கறுப்புக் கோட் போட்டுக்கொண்டு நேரலைக்கு வந்திட்டார். "தமிழ்ப் பள்ளி மூடப்பட்டது: பொறுப்பு யார்?" கருத்துக்கணிப்பில் இரண்டு தெரிவு. ஒன்று, எல்லாம் தெரிஞ்சும் ஒதுங்கியிருந்த செல்வமலர். இரண்டு, தெரிவுக்குழு. பிரசிடென்ட் வெளிநாட்டில் இருக்கிறபடியால், பதில் சொல்ல வாய்ப்பில்லாத ஆளைப் பட்டியலில் சேர்க்கிறது ஊடக தர்மம் இல்லை எண்டு விளங்கப்படுத்தினார்.

நான் கதிரையில் இருந்து கனநேரம் யோசிச்சன். செல்வமலரில் ஒரு பிழையும் இல்லை எண்டு எனக்குத் தெரியும். ஆனால் இரண்டாவதை அமத்தினால் அது என்ரை குழு, குழுவுக்குத் தலைவர் நான். முதலாவதை அமத்தினன். அமத்தின உடனே முடிவு தெரிஞ்சுது. செல்வமலருக்கு எழுபத்தேழு வீதம். என்னைப் போலை யோசிக்கிறவை கனபேர் இருக்கினம் எண்டு கொஞ்சம் ஆறுதலாய் இருந்தது.

சிறிது நேரத்தில் தொலைபேசி அடிச்சது. செல்வமலர்.

"அண்ணை, வாக்கெடுப்புப் பார்த்தனீங்களோ?"

"பார்த்தனான் தங்கச்சி. சனம் எண்டால் இப்பிடித்தான்."

"நீங்கள் எனக்குப் போடேல்லைத்தானே?"

"வாக்கு எண்டது இரகசியம் தங்கச்சி. ஆரும் ஆரிட்டையும் கேட்கப்படாது."



"நான் ஒண்டுக்கும் போடேல்லை அண்ணை. குழு எண்டால் நீங்களும்தானே. உங்களிலை போட எனக்கு மனம் வரேல்லை."

அதற்காகத் தெரிவுக்குழுவின் சார்பில் அவவுக்கு நன்றியைத் தெரிவித்துக்கொண்டேன்.